ஒரு கம்பளி குறைவு

எங்கள் குடும்பத்தில் அவருக்குத்
தலைமுறைக்கு ஒரு பதவி உயர்வு.
தாத்தா காலத்தில் நாயக்.
அப்பா சொன்னபோது ஹவில்தார்.
பட்டர்வொர்த் சித்தப்பா கஜபதி வாயில் சுபேதார்.
ஆகஸ்டில் குடும்பக் கூட்டம்,
பதாகையில் குதிரை மேல் ஏற்றிவிடப் போகிறார்கள்.
"நீதான் கப்பல் கணக்கெல்லாம் பார்த்தவள்,
போய் ஒரு தேதி மட்டும் எடுத்து வா."

முப்பத்தொரு வருஷம் பினாங்குத் துறைமுகத்தில்
சரக்குச் சீட்டு சரிபார்த்தவள் நான்.
தொலைந்த பெட்டி எங்கே தொலையும் என்று தெரியும்:
கடலில் அல்ல, எழுத்தர் கையில்.

ஜார்ஜ் டவுனில் அந்த ஆவண அறை.
குளிர்சாதனம் மீன்பிடி வள்ளம் மாதிரி இரைந்தது.
பேனா கூடாது. பென்சில் மட்டும்.
ஹாஃபிஸ் என்ற பையன்
சம்பளப் பதிவேட்டுப் படச்சுருளை மாட்டித் தந்துவிட்டு
நாசி லெமாக் சாப்பிடப் போனான்.

ரெங்கப்பன்.
ஒரு மாதம் ருங்காபென்.
அடுத்த மாதம் ராங்கப்பா.
மூன்று ஆளா ஒரே ஆளா,
நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.
ஐந்தாம் நாள் பார்த்தால்
மூவருக்கும் ஒரே செருப்புக் கடன்,
மாதாமாதம் அரை அரை ரூபாயாகக் கரைகிறது.
பெயரைக் கோட்டை விட்ட கும்பெனி
பாக்கியைக் கோட்டை விடவில்லை.

சிப்பாய்.
வெறும் சிப்பாய். குதிரை இல்லை.
மூடா ஆற்றங்கரைக் காவல்.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் கும்பெனி,
அந்தப் பக்கம் கெடா, சயாம் படை மூட்டிய புகை.
அவர் யாரையும் சுட்டதாகக் குறிப்பில்லை.
காய்ச்சல். காய்ச்சல். மறுபடியும் காய்ச்சல்.
பிறகு, 1822 ஜனவரி:
கம்பளி ஒன்று குறைவு, சம்பளத்தில் கழிக்கவும்.

வேறொரு கட்டில், அதே வாரம்,
படகில் வந்து கரையேறியவர்கள் கணக்கு.
ஆண்கள் பத்தொன்பது, பெண்கள் நாற்பது, எருமை இரண்டு.
கூட்டுத்தொகைக்குக் கீழே, வேறு மையில்:
இரவில் நீந்தி வந்த ஒருத்தி, தனியாக.
பெயர் இல்லை.
தப்பும் தவறுமாகக்கூட
அவளுக்கு ஒரு பெயர் எழுத யாரும் மெனக்கெடவில்லை.

பென்சில் என் கையில்தான் இருந்தது.
இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு
விரற்கடை நீளத்தில் ஒரு கோடு,
இழுத்தால் போதும்.
சீட்டில்லாமல் ஒரு மூட்டையையும்
வெளியே விட்டவளில்லை நான்.

சுங்கைப்பட்டாணியில் குமுதவல்லி
எச்சிலைக் குப்பியில் அனுப்பிச் சோதித்திருந்தாள்.
ஒன்றேகால் விழுக்காடு இந்த மண்ணின் இரத்தமாம்.
பிழையாகவும் இருக்கலாம் என்று
அடியில் பொடி எழுத்து.

கம்பளியைச் சூதில் தோற்றிருக்கலாம்.
கள்ளுக்கு விற்றிருக்கலாம்.
கறையான் தின்றிருக்கலாம்.
சித்தப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
"தேதியைப் போடு, கம்பளியைப் போடாதே,
திருட்டுப் பயல் என்பான்கள்."

சனிக்கிழமை குமுதவல்லி வீட்டுக்குக் கார் எடுத்தேன்.
நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில்
ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல்,
நடுவில் மணல் அள்ளும் படகொன்று.
வானொலியில் ஒரு பற்பசை விளம்பரம் முடிவதற்குள்
எல்லை பின்னால் போய்விட்டது.
காவலுக்கு யாரும் இல்லை.

அவள் சாப்பாட்டு மேசையில் அட்டையை விரித்து
வம்சக் கட்டங்களை நிரப்பினோம்.
ரெங்கப்பன், சிப்பாய்.
பக்கத்துக் கட்டம் காலி.
அடையாளக் குறி இல்லாமல் இறங்கும் பெட்டிக்குத்
துறைமுகத்தில் நாங்கள் எழுதுவதை
அங்கே பென்சிலால் எழுதினேன்:
குறியில்லை.
கேட்டு வருபவர் வரும்வரை
கிடங்கில் வைக்கவும்.

"யார் இது?" என்றாள் குமுதவல்லி,
தேநீரை வைத்துவிட்டு.
அவள் கை போன பக்கத்திலிருந்து
ரப்பரை எடுத்து
என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.